பார்வை இல்லாத பக்கம் கவனம் வெச்ச மனுஷன்: ஜி.ஒய். கேஸ்

ஒரு லேப்ல பரிசோதனைக்கு நடுவுல பிரேக் விட்ட நேரம். டெஸ்ட்டுக்கு உக்காந்திருந்த இங்கிலாந்துக்காரர் சாதாரணமா ஒண்ணு சொல்றாரு: புள்ளி சில தடவை ரொம்ப மேல வருதுன்னு இப்பதான் புரிஞ்சுது, இனிமே கொஞ்சம் மேல கவனம் வெச்சுக்கறேன்னு. கேட்டா ஒண்ணுமே இல்லாத பேச்சு மாதிரிதான் இருக்கு, ஆனா அந்தப் புள்ளி வந்துட்டு இருந்தது அவருக்குப் பார்வையே இல்லாத பக்கத்துல. எதுவுமே தெரியாத ஒரு இடத்துக்குள்ள மேல எது கீழ எதுன்னு பிரிச்சு, அதுல மேல் பக்கம் கவனத்தைத் தூக்கி வைக்கிறேன்னு ஒரு மனுஷன் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இந்தக் கேஸைப் பல மாசமா விடாம படிச்சேன், அதுல பிடிபட்டதை முழுசா எழுதி வெச்சுடலாம்னுதான் இது.

மருத்துவக் கட்டுரைகள்ல அவரை ஜி.ஒய். அப்படின்னு ரெண்டு எழுத்துலதான் சொல்வாங்க. எட்டு வயசுல ரோடு ஆக்சிடென்ட். மூளையோட இடது பாதியில பின்மண்டைப் பக்கம் இருக்கிற முதன்மைப் பார்வைப் பகுதி, அதாவது வி1னு சொல்ற இடம், கிட்டத்தட்ட முழுசா போயிடுச்சு. ரெண்டு கண்ணுக்கும் எந்தச் சேதமும் இல்ல. ஆனா நம்ம பார்வையில வலது பாதி இடது மூளைக்கும் இடது பாதி வலது மூளைக்கும்தான் போகுது, அதனால இவருக்கு வலது கண்ணு மட்டும் போகல, ரெண்டு கண்ணுலயும் வலது பாதி உலகம் போச்சு. நேரா நடுவுல ஒரு மூணு, மூணரை டிகிரி மட்டும் தப்பிச்சுது. கையை நேரா நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தா அது சுமாரா ரெண்டு டிகிரி, அதை வெச்சு எவ்வளவு சின்ன இடம்னு கணக்குப் போட்டுக்கோங்க.

இவர் 1980கள்லயிருந்து லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, டர்ஹாம்னு எத்தனையோ லேப்ல உக்காந்து டெஸ்ட் குடுத்திருக்காரு. ஒரே மனுஷனோட மூளையை வெச்சு இவ்வளவு வருஷம், இத்தனை பேர், இத்தனை விதமா கேள்வி கேட்டது ரொம்ப அபூர்வம். அந்தப் பொறுமைக்கு முதல்ல ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் மேல எழுதணும்.

அவருக்கு முன்னாடி

இந்த விஷயம் போர்ல அடிபட்டவங்ககிட்டயிருந்துதான் ஆரம்பிக்குது. முதல் உலகப் போர்ல தலையில குண்டு பட்டு வந்த சிப்பாய்களை ஜார்ஜ் ரிடாக்னு ஒரு டாக்டர் பார்த்துட்டு 1917ல எழுதினாரு: பார்வை போன பக்கத்துல ஒரு பொருள் சும்மா நின்னா இவங்களுக்குத் தெரியல, அசைஞ்சா ஏதோ அசையுதுன்னு தெரியுது. அப்போ பெரிய ஆளா இருந்த கார்டன் ஹோம்ஸ் இதை ஒத்துக்கல. வி1 போச்சுன்னா மொத்தப் பார்வையும் போச்சுங்கிறதுதான் அப்புறம் பல வருஷத்துக்குப் பாடமா இருந்துச்சு.

1960கள்ல கேம்பிரிட்ஜ்ல லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் லேப்ல ஹெலன்னு ஒரு குரங்கு இருந்துச்சு, அதுக்கு வி1 ரெண்டு பக்கமும் எடுத்துட்டாங்க. நிகோலஸ் ஹம்ஃப்ரி அதோட வருஷக்கணக்கா பழகி, வெளியில கூட்டிட்டுப் போய், விளையாடி, மெதுவா அது தடைகளைச் சுத்திப் போகவும் கீழ கிடக்கிற சின்னத் துணுக்கைப் பொறுக்கவும் கத்துக்கிடுச்சு. ஆனா குரங்குகிட்ட உனக்குத் தெரியுதான்னு கேக்க முடியாதே.

மனுஷன்கிட்ட கேக்கிற வாய்ப்பு டி.பி.ங்கிற நோயாளியால கிடைச்சுது. சின்ன வயசுலயிருந்தே கடுமையான ஒற்றைத் தலைவலி, காரணம் வலது பின்மண்டையில ரத்தக்குழாய் பின்னிக் கிடந்த ஒரு முடிச்சு. 1973ல லண்டன்ல ஆபரேஷன் பண்ணி அதை எடுத்தப்போ வி1ல பெரிய பகுதியும் சேர்ந்து போச்சு, இடது பக்கம் பார்வை போச்சு. வைஸ்க்ரான்ட்ஸ், எலிசபெத் வாரிங்டன் எல்லாம் அவரை உக்கார வெச்சு, பார்வை இல்லாத பக்கத்துல வெளிச்சம் போட்டு, எங்கன்னு கையைக் காட்டுங்கன்னாங்க. எனக்குத்தான் எதுவும் தெரியலையேன்னாரு. பரவாயில்ல, சும்மா ஒரு குத்துமதிப்பா காட்டுங்கன்னாங்க. காட்டின இடம் ரொம்ப நல்லாவே பொருந்துச்சு. கோடு படுத்திருக்கா நிக்குதா, பெருக்கல் குறியா வட்டமா, இதெல்லாம் கூட சும்மா ஊகிச்சா வர்றதைவிட ரொம்ப அதிகமா சரியா சொன்னாரு. ரிசல்ட்டைக் காட்டினப்போ அவருக்கே ஆச்சரியம், நான் ஊகிக்கத்தானே செஞ்சேன்னு. 1974ல அது பேப்பரா வந்துச்சு, பிளைண்ட்சைட்ங்கிற பேரும் அந்த வருஷமே வந்துடுச்சு. தமிழ்ல குருட்டுப் பார்வைன்னு சொல்றாங்க, எனக்கு அந்த வார்த்தை பிடிக்கல, வேற நல்லதும் கிடைக்கல.

சந்தேகப்பட்டவங்க சும்மா இல்ல. 1983ல வந்த ஒரு விமர்சனம் நேரா கேட்டுச்சு: வெளிச்சம் கண்ணுக்குள்ள சிதறி நல்ல பக்கத்துல விழுந்திருந்தா? அதைத்தான அவர் பிடிச்சிருப்பாரு? நியாயமான கேள்வி. அதுக்குக் கிடைச்ச பதில்தான் இந்த மொத்தக் கதையிலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச பரிசோதனை. நம்ம எல்லாருக்கும் கண்ணுல நரம்பு வெளியேறுற இடத்துல இயற்கையாவே ஒரு குருட்டுப் புள்ளி இருக்கு, அங்க வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்லே கிடையாது. டி.பி.யோட பார்வை இல்லாத பாதிக்குள்ளயே அந்தப் புள்ளி மேல வெளிச்சத்தைப் போட்டாங்க, அவரால ஊகிக்க முடியல. அதுக்குப் பக்கத்துலயே கொஞ்சம் தள்ளிப் போட்டாங்க, ஊகம் சரியா வந்துச்சு. அவரைப் பொறுத்தவரை ரெண்டு இடமும் ஒரே இருட்டு. சிதறின வெளிச்சம்தான் காரணம்னா ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி வந்திருக்கணும்ல?

1999

இப்ப ஜி.ஒய்.க்கு வர்றேன். பிரேக்ல அவர் சொன்ன அந்தப் பேச்சை டர்ஹாம்ல இருந்த ராபர்ட் கென்ட்ரிட்ஜும் சார்லஸ் ஹேவுட்டும் விடல. வைஸ்க்ரான்ட்ஸும் சேர்ந்து அதுக்குன்னே ஒரு டெஸ்ட் அமைச்சாங்க. கவனத்தை அளக்கிறதுக்கு ஒரு பழைய, எளிமையான வழி இருக்கு: புள்ளி இங்க வரலாம்னு முன்கூட்டியே ஒரு குறிப்பு குடுத்துட்டு, உண்மையிலேயே அங்க வந்தா எவ்வளவு சீக்கிரம் பட்டன் அமுக்குறாங்க, வேற இடத்துல வந்தா எவ்வளவு லேட் ஆகுதுன்னு பார்க்கிறது. கவனம் அங்க போயிருந்தா வேகம் கூடும். நம்ம எல்லாருக்கும் இப்படித்தான்.

ஜி.ஒய்.க்கு முதல்ல குறிப்பை அவருக்குத் தெரியுற நடு இடத்துல குடுத்தாங்க, ஒரு அம்புக்குறி. புள்ளி மட்டும் பார்வை இல்லாத பக்கத்துல. அம்பு காட்டின இடத்துல புள்ளி வந்தப்போ அவர் பதில் வேகமாச்சு, அதாவது கண்ணுக்கே தெரியாத ஒரு பகுதிக்குள்ள குறிப்பிட்ட ஒரு இடத்துல கவனத்தை வைக்க முடிஞ்சுது, அந்தக் கவனம் அங்க வர்றதை மூளை செயல்படுத்துறதை வேகப்படுத்துச்சு, ஆனா அதனால அது அவர் கண்ணுக்குத் தெரியல. அதுக்கு அப்புறம் குறிப்பையும் பார்வை இல்லாத பக்கத்துலயே குடுத்தாங்க. அதுவும் வேலை செஞ்சுது. கடைசியா இன்னும் ஒரு படி போய், குறிப்பு ஒரு இடத்துல வந்தா புள்ளி வேற இடத்துல வரும்னு மாத்தி வெச்சாங்க. குறிப்பே அவர் பார்வைக்கு இல்ல, அது இன்னொரு இடத்தைச் சுட்டுது, அந்த இடமும் அவர் பார்வைக்கு இல்ல. அப்பவும் கவனம் அந்த ரெண்டாவது இடத்துக்குப் போச்சு.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஏன்னா நான் அதுவரைக்கும் கவனிக்கிறதும் பார்க்கிறதும் ஒண்ணுதான்னு நினைச்சுட்டு இருந்தேன், நம்ம பேச்சே அப்படித்தான இருக்கு, "கவனிச்சுப் பாரு", "கவனிக்கல, அதான் தெரியல" அப்படின்னு ரெண்டையும் ஒரே கயித்துல கட்டி வெச்சிருக்கோம். அந்தப் பேப்பரோட முடிவு என்னன்னா, ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்க வர்ற தகவலுக்கு முன்னுரிமை குடுக்கிற வேலையும், அந்தத் தகவல் நம்ம உணர்வுக்குள்ள வர்றதும் ஒரே வேலையா இருக்க முடியாது.

ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். ஜி.ஒய்.க்கு எப்பவுமே சுத்தமா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல முடியாது. வேகமா, பளிச்சுன்னு எதாவது அசைஞ்சா அவருக்கு ஏதோ நடந்துச்சுங்கிற ஒரு உணர்வு வரும், கறுப்புப் பின்னணியில ஒரு கறுப்பு நிழல் அசையுற மாதிரின்னு அவர் விவரிச்சிருக்காரு. இதைப் பார்வைன்னு சொல்றதா வேணாமாங்கிறதுல பெரிய சண்டையே நடந்திருக்கு. செமிர் ஸெக்கிங்கிற மூளை விஞ்ஞானி இதைப் பார்வைதான்னு சொல்லி பழைய ரிடாக் பேரையே இதுக்கு வெச்சாரு. வைஸ்க்ரான்ட்ஸ் ரெண்டு வகையா பிரிச்சாரு, ஒண்ணுமே உணராம சரியா சொல்றது ஒண்ணு, பார்வையா இல்லாம ஏதோ ஒரு உணர்வோட சொல்றது ரெண்டாவது. 1999 டெஸ்ட்ல அந்த மாதிரி உணர்வு வந்தாலும் வரலைனாலும் இன்னொரு இடத்தைச் சுட்டின அந்தக் குறிப்பு வேலை செஞ்சுதுங்கிறதாலதான் நான் அதை நம்பறேன். சண்டை எந்தப் பக்கம் முடிஞ்சாலும் இந்த ரிசல்ட் நிக்கும்.

2007ல ஆக்ஸ்ஃபோர்டுல இன்னொரு வழி பண்ணாங்க. நீங்க உணர்ந்தீங்களான்னு கேக்கிறதுக்குப் பதிலா காசு வெச்சு பந்தயம் கட்டச் சொன்னாங்க, ஒவ்வொரு பதிலுக்கும் பெருசா கட்டலாம், சின்னதாவும் கட்டலாம். ஜி.ஒய். பத்துக்கு ஏழு தடவை சரியா சொன்னாரு. ஆனா சரியா சொன்ன தடவைகள்ல கூட ஏறக்குறைய பாதி நேரம்தான் பெருசா கட்டினாரு. காசு கண்ணெதிர இருக்கு, பதிலும் கைவசம் இருக்கு, ஆனா தன்கிட்ட பதில் இருக்குங்கிறது அவருக்குத் தெரியல!

வி1 இல்லாம தகவல் எந்த வழியா போகுது

ஒவ்வொரு கண்ணுலயிருந்தும் போற ஏறக்குறைய பத்து லட்சம் நரம்பிழைல பெரும்பகுதி, மூளைக்கு நடுவுல தாலமஸ்னு சொல்ற பகுதியில இருக்கிற எல்ஜிஎன்ங்கிற இடத்துல இறங்கி அங்கயிருந்து வி1க்குப் போகுது. மெயின் ரோடு இதுதான், ஜி.ஒய்.க்கு அந்த ரோடு முடியுற ஊரே இல்ல. ஆனா சந்து பொந்து நிறைய இருக்கு. கொஞ்சம் இழைங்க நடுமூளையில சுப்பீரியர் கொலிகுலஸ்க்குப் போகுது, கண்ணை ஒரு பக்கம் சடார்னு திருப்புறதுல அதுக்குப் பெரிய பங்கு. எல்ஜிஎன்லயிருந்தே வி1ஐத் தொடாம நேரா வி5ங்கிற அசைவுப் பகுதிக்குப் போற மெல்லிசு இழைங்களும் இருக்கு. 1993ல ஜி.ஒய்.க்கு, மூளையில எந்த இடம் வேலை செய்யுதுன்னு காட்டுற பெட் ஸ்கேன் எடுத்தப்போ பார்வை இல்லாத பக்கத்துல அசைவைக் காட்ட, வி1 இல்லாமலே வி5 வேலை செஞ்சது தெரிஞ்சுது. 2010ல குரங்குகள்ல அந்த எல்ஜிஎன்ஐத் தற்காலிகமா அடக்கி வெச்சப்போ மிச்சமிருந்த திறமையும் போயிடுச்சு, அதனால இப்போ பல பேர் இந்த எல்ஜிஎன் வழியைத்தான் முக்கியம்னு நினைக்கிறாங்க. பயந்த முகம், கோபமான முகம் மாதிரி விஷயங்களுக்கு கொலிகுலஸ் வழி, பயம் மாதிரி உணர்ச்சிகள்ல பங்கு இருக்கிற அமிக்டலாங்கிற பகுதி வரைக்கும் போகுதுங்கிறதுக்கும் ஜி.ஒய்.கிட்டயே சாட்சி இருக்கு.

அப்படின்னா வி5 வேலை செய்யுது, கவனமும் போகுது, அப்புறம் ஏன் பார்வைங்கிற உணர்வு வரல? 2001ல அல்வரோ பாஸ்குவல் லியோனும் வின்சென்ட் வால்ஷும் சாதாரண ஆட்கள்கிட்ட ஒண்ணு காட்டினாங்க. மண்டைக்கு வெளியில காந்தத் துடிப்பு குடுத்து வி5ஐத் தூண்டினா அசையுற வெளிச்சம் மாதிரி ஒண்ணு தெரியும். தூண்டின கொஞ்ச நேரத்துக்குள்ள, ஒரு நொடியில நூத்துல சில பங்குதான், அதுக்குள்ள வி1ஐக் காந்தத்தால கலைச்சுட்டா அந்த வெளிச்சம் தெரியாது. அதாவது மேல போன செய்தி திரும்பக் கீழ வி1க்கு வந்து சேரணும் போல இருக்கு. ஜி.ஒய்.யோட சேதமான பக்கத்து வி5ஐ மட்டும் தூண்டினா அவருக்கு ஒண்ணும் தெரியல, திரும்பிப் போக வீடே இல்லையே. ஆனா 2007ல ரெண்டு பக்க வி5ஐயும் ஒண்ணா தூண்டினப்போ பார்வை இல்லாத பக்கத்துல கூட வெளிச்சம் தெரிஞ்சதா சொன்னாரு. அதனால வி1 இல்லைன்னா எந்தக் காலத்துலயும் முடியாதுன்னும் அடிச்சுச் சொல்ல முடியல. இந்த இடத்துல யாராவது ஒரே வரியில உணர்வு மூளையோட இந்த இடத்துலதான் இருக்குன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

மறுபக்கம்

இதுக்கு நேர் எதிரா ஒரு கேஸ் இருக்கு, அது எங்க வீட்டு வழியா எனக்குத் தெரியும். எங்க பெரியப்பாவுக்கு மூளையில வலது பக்கம் ஸ்ட்ரோக் வந்துச்சு. தேறி வந்த அப்புறம் வீட்டு விசேஷம் ஒண்ணுல இலை போட்டு உக்கார வெச்சோம். இலை நுனி இடது பக்கம், உப்பு, ஊறுகாய், இனிப்பு எல்லாம் அந்தப் பக்கம். அவர் வலது பக்கம் இருந்ததை எல்லாம் சுத்தமா சாப்பிட்டுட்டு, பாயசம் இருக்கட்டும், ஒரு இனிப்பு கூட வைக்கலையான்னு கேட்டாரு. இனிப்பு இடது ஓரத்துல அப்படியே இருக்கு. பெரியம்மா மெதுவா இலையைச் சுத்தித் திருப்பி வெச்சாங்க, உடனே எடுத்துச் சாப்பிட்டாரு, இது எப்ப வெச்சீங்கன்னாரு. சொந்தக்காரங்க சில பேர் கண்ணு போயிடுச்சுன்னாங்க, சில பேர் பிடிவாதம்னாங்க. அவரைப் பார்த்த ஒரு டாக்டர் கூட முதல்ல இது பார்வைக் குறைன்னுதான் எழுதினாரு, அப்புறம் வேற ஒருத்தர்தான் பேப்பர்ல சின்னச் சின்ன கோடு நிறையப் போட்டு எல்லாத்தையும் அடிச்சுக் குடுங்கன்னு சொன்னாரு. பெரியப்பா வலது பாதிக் கோட்டை மட்டும் அடிச்சுட்டு முடிச்சுட்டேன்னு பேனாவை வெச்சுட்டாரு.

பார்வை பாதி போனவங்கள்ல நிறைய பேருக்கு அது போனது தெரியும், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்க. பெரியப்பா திருப்பவே இல்ல. அவருக்கு இடது பக்கம்னு ஒண்ணு குறையுதுங்கிறதே தெரியல. இதுக்கு நெக்லெக்ட்னு பேர், பெரும்பாலும் வலது மூளையோட பக்கவாட்டு மேல்பகுதி, பரைட்டல்னு சொல்ற இடத்தைச் சுத்தி அடிபட்டா வரும். கண்ணு சரி, நிறைய பேருக்கு வி1 கூட சரி, கவனம்தான் அந்தப் பக்கம் போகாது. கொஞ்சம் லேசான நிலையில, இடது பக்கம் தனியா ஒரு விரலை ஆட்டினா தெரியும், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஆட்டினா வலது மட்டும்தான் தெரியும், இடது அணைஞ்சு போயிடும்.

அந்த மாதிரி ஒருத்தரை, ஜி.கே.ன்னு குறிப்பிடுறாங்க, 2000ல லண்டன்ல ஜெரைன்ட் ரீஸ் குழு எஃப்எம்ஆர்ஐங்கிற மூளை ஸ்கேன்ல வெச்சுப் பார்த்தாங்க. ரெண்டு பக்கமும் படம் காட்டினப்போ இடது பக்கப் படத்தை அவர் பார்க்கவே இல்லைன்னாரு. ஆனா அந்தப் படத்துக்கு அவரோட வலது பக்க வி1 வேலை செஞ்சது ஸ்கேன்ல தெரிஞ்சுது, அதுக்கு மேல இருக்கிற பார்வைப் பகுதிகளும் வேலை செஞ்சுது. ஜி.ஒய்.யையும் ஜி.கே.யையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒருத்தருக்கு வி1 இல்ல, கவனம் போகுது, தெரியல. இன்னொருத்தருக்கு வி1 துடிக்குது, கவனம் போட்டியில தோத்துப்போகுது, அவருக்கும் தெரியல. ஸ்கேன்ல ஒரு இடம் வேலை செஞ்சதை வெச்சு அந்த மனுஷன் அதைப் பார்த்தான்னும் சொல்ல முடியாது, அவன் கவனிச்சதை வெச்சும் சொல்ல முடியாது.

அடிபடாத மூளையிலயும் இதைப் பிரிச்சிருக்காங்க. 2011ல மசடகா வாட்டனபே, நிகோஸ் லோகோதெட்டிஸ் குழு, ஒரு கண்ணுக்கு ஒரு படத்தைக் காட்டிட்டு இன்னொரு கண்ணுக்குப் பளிச் பளிச்னு மாறுற படத்தைக் காட்டி முதல் படத்தை மறைக்கிற உத்தியைப் பயன்படுத்தினாங்க. படம் தெரியுதா தெரியலையாங்கிறது ஒரு பக்கம், கவனம் அங்க இருக்கா இல்லையாங்கிறது இன்னொரு பக்கம், ரெண்டையும் தனித்தனியா மாத்தினாங்க. வி1ல ரத்த ஓட்ட சிக்னல் கவனத்தைப் பொறுத்து நல்லா ஏறி இறங்குச்சு, தெரியுறதைப் பொறுத்து பெருசா மாறவே இல்ல. அதுக்கு முன்னாடி வந்த எத்தனையோ ஸ்கேன் பேப்பர்கள் ரெண்டையும் பிரிக்காமலே வி1 ஏறுது, அதனால பார்வை உணர்வு வி1லதான்னு எழுதியிருந்தாங்க. ஒரு எச்சரிக்கை, எஃப்எம்ஆர்ஐ அளக்கிறது ரத்தத்துல ஆக்ஸிஜன் மாறுறதை, நரம்பு செல் துடிக்கிறதை நேரா இல்ல, அதனால இதையும் கடைசித் தீர்ப்பா எடுத்துக்கக் கூடாது.

இதையெல்லாம் படிச்ச அப்புறம் பெரியப்பா விஷயத்துல ஒண்ணு செஞ்சோம், அவருக்குப் பயிற்சி குடுத்த பிசியோதெரபி அம்மா சொல்லிக் குடுத்ததுதான். தினமும் காலைல பேப்பரோட இடது ஓரத்துல சிவப்பு ஸ்கெட்ச்ல தடிமனா ஒரு கோடு போட்டுக் குடுப்போம். ஒவ்வொரு வரி ஆரம்பிக்கும்போதும் கோடு கண்ணுல படுற வரைக்கும் இடது பக்கம் தேடிட்டு வாங்க பெரியப்பா, அதுக்கு அப்புறம் படிங்கன்னு. முதல் வாரம் எரிச்சலா இருந்துச்சு அவருக்கு, தலைப்புல பாதியை விட்டுட்டு இந்தச் செய்தியில அர்த்தமே இல்லையேன்னு பேப்பரைத் திட்டுவாரு. ஒரு நாள் காலைல நான் கோடு போட மறந்துட்டேன். பேப்பரை விரிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு, அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, கோடு எங்கடா, இந்தப் பக்கம் ஏதோ இருக்கணுமேன்னு இடது கையால ஓரத்தைத் தடவித் தேடினாரு.